டார்க்த்ரோனின் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்': ஒத்து ஊதும் கிற்றார்

நோர்வே என்றதும் திருகோணமலையில் முதலில் நினைவுக்கு வருவது நோர்வே உதவியோடு கட்டிய சீநோர் வள்ளம். அடுத்து 2002 போர்நிறுத்த ஒப்பந்தம், அதற்கு நடுநின்ற எரிக் சொல்ஹைம், வாகனத்தில் திரிந்த கண்காணிப்புக் குழு. மூன்றாவதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அது சத்தம்தான். 1993 நவம்பர், டிசம்பரில் அந்த நாட்டில் இரண்டு இளைஞர்கள் ஒரு நாலு தட ரெக்கோர்டரில் 39 நிமிடத்துக்கு ஒரு அல்பம் பதிந்தார்கள். 1994 பெப்ரவரி 17 இல் இங்கிலாந்தின் பீஸ்வில் நிறுவனம் அதை வெளியிட்டது. குழு டார்க்த்ரோன், அல்பம் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்', இசை பிளாக் மெற்றல் என்ற இரைச்சலான கடும் ரொக் வகை. இசையமைத்து எல்லா வாத்தியமும் வாசித்தவர் பென்ரிஸ். குரல் மட்டும் நொக்டர்னோ கல்டோ.

இந்த அல்பத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சி. ஒரு கட்சி பத்து வினாடியில் நிறுத்திவிட்டு, "என்ன இது, கொசு கத்துற மாதிரி, ரெக்கோர்டிங்கே சரியில்லை" என்று எழும்பிப் போகும். மற்றக் கட்சி கறுப்பு ரீஷேர்ட் போட்டுக்கொண்டு, ஒரு குறை சொன்னாலும் அடிக்க வரும். கொசு என்பது சரி. ரெக்கோர்டிங் சரியில்லை என்பது பிழை. குறையே இல்லை என்பதும் பிழை. முதல் நாலு பாட்டு இந்த வகை இசையின் உச்சம். கடைசி நாலு பாட்டு அதே ஊற்றில் நீர் இறங்கிய பிறகு இறைத்தது. பின்னட்டைக்குத் தனிக் கணக்கு இருக்கிறது, அதற்குப் பிறகு வருவோம்.

'ரெக்கோர்டிங் தெரியாத பையன்கள்' என்ற கதையை முதலில் முடித்துவிடலாம். இதே குழுவின் முதல் அல்பம் 1991 இல் வந்தது. ஸ்ரொக்ஹோமின் சன்லைட் ஸ்ரூடியோவில் பதிந்த, நுணுக்கமாக வாசித்த டெத் மெற்றல், அதாவது இன்னொரு கடும் ரொக் வகை. தாளம் மாறும், வேகம் மாறும், பேஸ் தெளிவாகக் கேட்கும். ஒழுங்கான ஸ்ரூடியோவில் ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் 1992 இலும் 1993 இலும் வந்த அடுத்த இரண்டு அல்பங்களில் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது அல்பத்துக்குப் பிறகு இன்னொரு கிற்றார்க்காரரும் விலகினார். மிஞ்சியது இருவர். ஸ்ரூடியோ வாடகையும் இல்லை, பொறியியலாளரும் இல்லை. வழியும் புதிதல்ல. சுவீடனின் பேதரி குழு தன் முதல் அல்பத்தை 1984 இல் ஒரு வாகனக் கொட்டகையில் அமைத்த ஸ்ரூடியோவில்தான் பதிந்தது. பேதரி கையிலிருந்ததை வைத்துச் செய்தது. பென்ரிஸ் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் செய்தார். நாலாவது அல்பத்தின் எளிமையில் ஏழ்மை இல்லாததற்குக் காரணம் அதுதான்.

இனி விஷயத்துக்கு. இந்த அல்பத்தை ரொக் கச்சேரியாகக் கேட்டால் தோற்றுவிடும். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிற்றார்த் துண்டு) வரும், நிற்கும், ட்ரம்ஸ் இடிக்கும், தலை ஆடும் என்று காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. பத்திரகாளி அம்மன் கோவில் வாசலில் மேளக்கச்சேரி நடக்கும்போது கொஞ்சம் ஓரமாக நின்று கேளுங்கள். நாதஸ்வரம் ஊதுகிறவருக்குப் பக்கத்தில், முன்பெல்லாம் ஒருவர் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு இருப்பார். அது ஒத்து. இப்போது பல இடங்களில் அந்த வேலையைச் சுருதிப் பெட்டி செய்கிறது. தவில் வித்தை காட்டும், நாதஸ்வரம் மேலேறி இறங்கும், சின்னத் தாளம் கணக்குத் தப்பாமல் 'கிணுங் கிணுங்' என்று போகும். ஒத்தை ஆரும் கவனித்துக் கேட்பதில்லை, ஆனால் அது நின்றால் எல்லாம் ஓட்டையாகிவிடும்.

டார்க்த்ரோன் இங்கே செய்தது அந்தக் கூட்டத்தைக் கலைத்து வேலையை மாற்றிக் கொடுத்ததுதான். தவில்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ட்ரம்ஸ் வாசிப்பது தவிலின் வேலையை அல்ல, சின்னத் தாளத்தின் வேலையை. கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்), ஸ்னேர் (கையால் அடிக்கும் சின்ன ட்ரம்), கிக், ஸ்னேர் என்று அது பாட்டுக்குப் போகும். உருட்டல் அபூர்வம், முத்தாய்ப்பு இல்லை. கிற்றார் ஒரே நேரத்தில் நாதஸ்வரமும் ஒத்தும். வேகமாக மீட்டிய சுரங்கள் ஒன்றோடொன்று உரசி நிரந்தரமான ஒரு இரைச்சலாகின்றன. அந்த இரைச்சலின் மேல்விளிம்பில் மட்டும் ஒரு மெட்டு மெதுவாக நகர்கிறது. கை வினாடிக்குப் பன்னிரண்டு தடவை அடிக்கிற இடத்தில் மெட்டு ஒரு அடி எடுத்துவைக்க இரண்டு மூன்று வினாடி எடுக்கும். இந்த இரண்டு வேகத்துக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் அல்பம் இருக்கிறது. கொசுவைப் பிடித்தவர் வேகத்தை மட்டும் பிடித்தார். மெட்டைப் பிடித்துக் கேட்டால் இது வேகமான பாட்டே அல்ல, தாலாட்டு வேகத்தில் போகிற சோகப் பாட்டு.

ஒலியின் நிறத்துக்கும் நம் ஊர்க் காது பழக்கப்பட்டதுதான். திருவிழாக்காலத்தில் பனைமரத்திலும் மின்கம்பத்திலும் கட்டுகிற புனல் வடிவ லவுட்ஸ்பீக்கர் ஏறத்தாழ 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் தராது. 6,000 ஹேர்ட்ஸுக்கு மேலேயும் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த இடைவெளிக்குள் நெருக்கி அனுப்புவதால்தான் அது கடற்காற்றையும் தாண்டி டச்சு வளைகுடாவின் மறுபக்கம் வரை கேட்கிறது. இந்த அல்பத்தின் கிற்றாரும் அதே இடைவெளியில்தான் குடியிருக்கிறது. வடக்கில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிக் கசெற் கேட்ட தலைமுறை ஒன்று நம்மிடம் இருக்கிறது. மிதிக்கிற கால் தளர்ந்தால் பாட்டும் தளரும். அவர்களுக்குக் 'கரடுமுரடான ஒலி' என்பதை விளக்கப் போக வேண்டியதில்லை. பளபளப்பான ஒலிக்கே பழகிய பிறகு வந்தவர்களுக்குத்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

பாட்டுகளுக்கு வருவோம். மொத்தம் எட்டு. தலைப்புப் பாட்டும் ஏழாவதும் ஆங்கிலத் தலைப்பு, மற்ற ஆறும் நோர்வே மொழி. முதல் தடவை கேட்கிறவருக்கு எட்டும் ஒன்றுதான். கன்னியாவுக்குப் போனவர்களுக்கு இதற்கு உவமை தேவையில்லை. ஏழு கிணறும் கைக்கெட்டும் தூரத்தில், ஒரே அச்சில் வார்த்தது போல. எட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றினால்தான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு என்று தெரியும்.

தலைப்புப் பாட்டு 6 நிமிடம் 10 வினாடி. அல்பத்திலேயே நீளமானது அதுதான், அதை முதலில் வைத்தது துணிச்சல். வேறு குழுவாக இருந்தால் இப்படியொரு மெட்டைக் கடைசிக்குப் பத்திரப்படுத்தியிருக்கும். இங்கே கதவைத் திறந்தவுடனே முழுவதையும் கொட்டிவிடுகிறார்கள். இரண்டாவது, 'மலைகள் மேலே, முட்களினூடே' என்ற பொருளில் தலைப்பு, 2 நிமிடம் 29 வினாடி. முதல் பாட்டின் நீளத்துக்குப் பிறகு இது கண் மூடித் திறக்குமுன் முடிகிறது. அந்த அவசரம் வேண்டுமென்றே வைத்தது என்று நினைக்கத் தோன்றும். மூன்றாவதில் 'ஸ்கால்ட்' என்று ஒரு சொல் வருகிறது. வடநாட்டு அரசவைகளில் பாடித் திரிந்த புலவன், நம் பாணனுக்குத் தூரத்து உறவு. 4 நிமிடம் 29 வினாடி. நாலாவது 'தொலைவிலுள்ள கோட்டை'. 4 நிமிடம் 45 வினாடி. எல்பி தட்டின் ஏ பக்கம் இத்துடன் முடிகிறது, கிட்டத்தட்ட 18 நிமிடம்.

நொக்டர்னோ கல்டோவின் குரலை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அது கத்தல் அல்ல. தொண்டை வரண்ட ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது மாதிரி, எழுத்துக்கு எழுத்து உச்சரித்துப் போகிறது. கிற்றார் மூச்சு விடாது, குரல் மூச்சு விடும். வரிக்கும் வரிக்கும் நடுவே அவர் நிறுத்தும் இடங்கள்தான் இந்த அல்பத்தின் ஒரே மௌனம். இந்த வகையில் பின்னால் வந்தவர்கள் அநேகர் பிடிக்காமல் விட்ட விஷயமும் இதுதான். அவர்கள் குரலையும் இரைச்சலாக்கிவிட்டார்கள்.

பி பக்கத்தில் என்ன பிழை? நேரத்தைப் பாருங்கள். 4:59, 5:13, 5:56, 5:03. ஏ பக்கத்தில் இரண்டரை நிமிடமும் உண்டு, ஆறு நிமிடமும் உண்டு. இங்கே நாலும் ஐந்து நிமிடச் சொச்சம். தாளம் மாறாத, ஒலி மாறாத அல்பத்தில் மாற்றக் கூடிய சில விஷயங்களில் ஒன்று நீளம். அதையும் விட்டுவிட்டால் காது அடுத்த பாட்டுக்கு எழும்பாது. தனித்தனியாக எடுத்துக் கேட்டால் கடைசிப் பாட்டு, 'ஆழ்காட்டில் ஒரு குன்று', ஏ பக்கத்து எந்தப் பாட்டுக்கும் குறைந்ததல்ல. நாலாவது ஐந்து நிமிடமாக அது வந்து சேரும்போதுதான் நமக்குச் சலித்துவிடுகிறது. பி பக்கத்தை ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். ஐந்தாவதையும் எட்டாவதையும் தனியாக எடுத்துக் கேளுங்கள், மதிப்பு ஏறும்.

தட்டைத் திருப்பும் அதே இடத்தில் வரிகளை எழுதியவரும் மாறுகிறார். முதல் நாலு பாட்டின் வரிகள் பென்ரிஸ் எழுதியவை. கடைசி நாலும் பர்சம் என்ற இன்னொரு நோர்வே குழுவை நடத்திய வர்க் விகெர்னெஸ் எழுதியவை. அந்த நேரம் அவர் மேஹெம் என்ற நோர்வே பிளாக் மெற்றல் குழுவின் கிற்றார்க்காரரைக் கொன்ற வழக்கில் மறியலில். கொலைக்கும் தேவாலய எரிப்புகளுக்குமாக 1994 மே மாதத்தில் 21 ஆண்டுத் தண்டனை கிடைத்தது. பி பக்கத்துத் தலைப்புகளில் பெரும்பாலும் காடும் மண்டபமும் மூடுபனியும்தான். நஞ்சு வேறு இடத்தில் இருந்தது. முதற்பதிப்பின் பின்னட்டையில் 'நோர்வே ஆரிய பிளாக் மெற்றல்' என்று அச்சிட்டார்கள். கூடவே, இந்த அல்பத்தைக் குறை சொல்கிறவன் 'யூதத்தனமாக' நடக்கிறான் என்ற பொருளில் ஒரு அறிக்கையும் விட்டார்கள். எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டு இன்னொரு அறிக்கை. 'எங்கள் நாட்டுப் பேச்சு வழக்கில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்' என்பது அவர்களின் விளக்கம். அந்த விளக்கம் குற்றத்தை இன்னும் பெரிதாக்குகிறதே தவிரக் குறைக்கவில்லை. ஒரு இனத்தின் பெயரே வசைச்சொல்லாகப் புழங்குகிறது என்றால் என்னவென்று இந்தத் தீவில் ஆருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிந்திய பதிப்புகளில் அந்த வரி இல்லை. பென்ரிஸும் பின்னாளில் அதற்கு வருந்தியிருக்கிறார்.

நம் பையன்களில் சிலர் அந்தத் தேவாலய எரிப்புக் கதைக்கு வேறு மாதிரி உருகுவதுண்டு. "அவங்கட பழைய தெய்வத்தை வந்தவன் அழிச்சான், எங்கட கோணேசர் கோயிலையும் போர்த்துக்கேயன் இடிச்சான், ரெண்டும் ஒண்டுதானே" என்பார்கள். 1622 இல் கோயிலை இடித்ததும், அந்தக் கல்லே கோட்டையானதும், வாசலில் மீன் சின்னம் இன்னும் நிற்பதும் எல்லாம் உண்மை. ஆனால் பேர்கன் நகரில் 1992 ஜூன் 6 இல் எரிந்த ஃபான்டொஃப்ட் மரத் தேவாலயம் 12 ஆம் நூற்றாண்டுத் தச்சர்களின் வேலை. இதே ஜூன் மாதத்து முதல் இரவில், 1981 இல், யாழ்ப்பாணத்தில் எரிந்தது என்ன என்று யோசித்தால் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரியும். இசையைக் கேட்கலாம். அதோடு வந்த கதையைச் சுமக்கத் தேவையில்லை.

கேட்கும் முறைக்கு வருவோம், ஏனென்றால் இந்த அல்பத்தை வெறுக்கிறவர்களில் பாதிப் பேர் அதை ஒழுங்காகக் கேட்டதே இல்லை.

முதற் பிழை குறைந்த தரக் கோப்பு. 'எப்படியும் கரடுமுரடான ரெக்கோர்டிங், 128 கேபிபிஎஸ் எம்பி3 போதும்' என்று நினைப்பது நேர்மாறான கணக்கு. எம்பி3 சுருக்குவது, காது கவனிக்காது என்று கணக்குப்போட்ட பகுதிகளைத் தள்ளிவிட்டுத்தான். தெளிவான ஒரு பியானோச் சுரத்தைச் சுருக்குவது இலகு. ஆனால் சிம்பலும் (ட்ரம்ஸோடு உள்ள உலோகத் தட்டு) கிற்றார் இரைச்சலும் கசெற்றின் 'இஸ்ஸ்' சத்தமும் சேர்ந்தது கிட்டத்தட்ட வெற்று இரைச்சல். அதில் ஒழுங்கில்லை, ஆகவே சுருக்கவும் இடமில்லை. 128 இல் பிட் போதாமல் மேல்சுரங்கள் தண்ணீருக்குள் இருந்து வருவது போல நெளியும். சிம்பல் 'ச்ச்ச்' என்று போகாமல் 'ஷ்வ்ளிஷ்வ்ளி' என்று போனால் குற்றம் கோப்பில், டார்க்த்ரோனில் அல்ல. சீடியிலிருந்து எடுத்த ஃப்ளாக் (ஒலியில் ஒன்றும் இழக்காத கோப்பு) நல்லது, குறைந்தது 320. அந்த எம்பி3 ஐ புளூரூத்தில் அனுப்பினால் அது இன்னொரு தடவை சுருங்கும், இரண்டு நெளிவும் சேர்ந்துவிடும். ஆகவே வயர் போட்ட ஹெட்போன்.

இரண்டாவது பிழை பேஸ் கூட்டுவது. ஓட்டோக்களில் இருக்கையின் கீழே பூட்டுகிற சப்வூஃபரிலும் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று விற்கிற இயர்போனிலும் இதைப் போட்டால் கிக் ட்ரம் மட்டும் 'தொம் தொம்' என்று முன்னுக்கு வந்து, மெட்டு அதன் பின்னால் ஒளிந்துவிடும். பேஸ் கிற்றார் இந்த ரெக்கோர்டிங்கில் இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்குத்தான் கலந்திருக்கிறார்கள். இல்லாததைக் கூட்டினால் உறுமல்தான் வரும். ஈக்குவலைசரில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே 4 முதல் 6 டெசிபல் குறையுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். 10,000 ஹேர்ட்ஸுக்கு மேலே கூட்ட ஆசை வரும். கூட்டினால் வருவது இஸ்ஸ் மட்டுமே.

மூன்றாவது வொலியூம். மெற்றல் என்றால் உரக்க என்று பழகிவிட்டோம். இந்த அல்பத்தின் சக்தி முழுவதும் 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வட்டாரத்தில். காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடமும் அதுவே. உரக்கப் போட்டால் பதினைந்து நிமிடத்தில் காது களைத்து, பி பக்கம் வரும்போது வெறும் சத்தமாகிவிடும். இருவர் அறைக்குள் பேசிக்கொள்ளும் அளவு போதும். குறைத்துப் போட்டால் தாளம் பின்னுக்குப் போய் மெட்டு மேலே மிதக்கும். அதுதான் வேண்டும். சீலிங் ஃபேனை மூன்றுக்கு மேல் விட்டால் கீழ்ச்சுரங்கள் காற்றோடு போகும்.

காலமும் முக்கியம். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடி மத்தியானத்தில் இதைப் போட்டால் எரிச்சல்தான் வரும். வாடைக்கு விடுங்கள். மார்கழி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து, உவர்மலையிலிருந்து பார்த்தால் கடலும் வானமும் ஒரே சாம்பலாகி, ஓட்டு விளிம்பிலிருந்து ஒரே சீராக நீர் வடியும்போது இந்த அல்பம் தானாகவே திறக்கும். பதிந்ததும் அந்த மாதத்தை ஒட்டித்தான்.

இந்த ஒலியைத் தாங்களும் பதிந்து பார்க்க நினைக்கும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சில விஷயம். நாலு தட ரெக்கோர்டர் என்பது சாதாரண கசெற் நாடாவில், 3.81 மில்லிமீற்றர் அகலத்துக்குள், நாலு கோடு போட்டு ஒரே திசையில் பதிவது. சாதாரண டெக்கில் ஏ, பி என்று திருப்பிப் போடும் இடம் முழுவதையும் இது ஒரே ஓட்டத்தில் விழுங்கும். பல கருவிகள் இரட்டை வேகத்தில், வினாடிக்கு 9.5 சென்ரிமீற்றர், ஓடுவன. அப்படியானால் 90 நிமிடக் கசெற்றில் கிடைப்பது இருபத்திரண்டரை நிமிடம். இப்போது அந்தக் கருவி தேட வேண்டியதில்லை, கைப்பேசியில் நாலு தடச் செயலி (அப்) போதும். ஆனால் ஐந்தாவது தடம் சேர்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத் தொடங்க வேண்டும். தடம் குறைவாக இருப்பதுதான் இந்த ஒலியை உருவாக்குகிறது.

ட்ரம்ஸ் முதலில், ஒரே தடத்தில். ஒரு மைக்கை வாசிப்பவரின் தலைக்கு மேலே ஓரடி உயரத்தில், ஸ்னேரைப் பார்த்தபடி தொங்கவிட்டால் போதும். கிக்குக்குத் தனி மைக் வைத்தால் இடி வரும், ஒத்து போய்விடும். இரண்டாவது தடம் கிற்றார். அம்ப்ளிஃபையரில் பேஸ் குமிழ் 2, மிட் 6, ட்ரெபிள் 7. ஒலியைக் கரகரப்பாக்கும் கெயின் குமிழை 10 இல் வைப்பதுதான் எல்லோரும் விடுகிற பிழை. அப்படி வைத்தால் ஒவ்வொரு சுரமும் அடுத்ததோடு ஒட்டிக் களியாகி, மெட்டு மறையும். 6 இல் நிறுத்துங்கள். ஒட்டுவதைக் கெயின் செய்யக் கூடாது, கை செய்ய வேண்டும். மூன்றாவது தடத்தில் அதே கிற்றாரை இன்னொரு தடவை வாசிக்க வேண்டும், பிரதி எடுத்து ஒட்டக் கூடாது. இரண்டு வாசிப்புக்கும் இடையில் வரும் மயிரிழை வித்தியாசம்தான் அந்த மினுங்கல். ஆனால் ஈரக்காற்றில் கம்பி அரைமணிக்குள் சுருதி இறங்கும். ஒவ்வொரு வாசிப்புக்கும் முன் சுருதி பாருங்கள். மயிரிழை மினுங்கும், விரல்கடை அலறும். நாலாவது தடம் குரலுக்கு. பேஸுக்கு இடமில்லையே என்றால், இரண்டாவது தடத்துக் கிற்றாரோடு சேர்த்து ஒரே நேரத்தில் சன்னமாக வாசித்துவிடலாம். தடங்களைக் கலந்து இன்னொரு தடத்துக்கு மாற்றுவதும் முடியும், ஆனால் கசெற்றில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இஸ்ஸ் கூடி மேல்சுரம் தேயும்.

கையைப் பற்றி. நிமிடத்துக்கு 180 அடியில் ஒரு அடிக்கு நாலு மீட்டல் என்றால் வினாடிக்குப் பன்னிரண்டு. ஆறு நிமிடம் அதை முழங்கையால் செய்ய முடியாது. மூன்றாவது நிமிடத்தில் முன்னங்கை கல்லாகிவிடும். பிக்கின் (கம்பி மீட்டும் வில்லை) நுனி விரலுக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் தெரியக் கூடாது. அசைவு மணிக்கட்டில், அதுவும் பூட்டில் சாவி திருப்புகிற அளவுக்கு. மெல்லிய பிக் வளைந்து தாமதிக்கும், ஒரு மில்லிமீற்றர் தடிப்பு சரி. 120 இல் தொடங்கி, ஐந்து நிமிடம் நிறுத்தாமல் வாசிக்க முடிந்த பிறகே நாலு நாலாகக் கூட்டுங்கள். வலி வந்தால் நிறுத்துங்கள், 'பழகிவிடும்' என்பதெல்லாம் தசைநாருக்குத் தெரியாது.

வாங்குகிறவர்களுக்கு. கசெற் பதிப்பு கிடைத்தால் அழகுதான், ஆனால் கடலோர வீட்டில் அதற்குப் பராமரிப்பு வேண்டும். நாடாவின் விளிம்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது பூஞ்சணம், டெக்கில் போட வேண்டாம். நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி மற்றக் கசெற்றுகளுக்கும் பரவும். சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் உலரவிட்டு, மெதுவாகத் துடைத்து எடுக்கலாம். ஹெட்டை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடையுங்கள். நகப்பூச்சு அகற்றும் திரவம் உருளையின் ரப்பரைத் தின்றுவிடும். எல்லாம் செய்தும் ஒலி மந்தமாக இருந்தால் ஹெட் சாய்ந்திருக்கும். ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியைப் பாட்டு ஓடும்போதே கால் சுற்றுக்குள் மெல்லத் திருப்பி, சிம்பல் மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். மற்ற அல்பங்களில் இந்தச் சாய்வு ஒரு குறை. இதில் மேல்சுரம் போனால் அல்பமே போயிற்று.

எல்பி தபாலில் வரவழைத்தால் வளைந்து வரும் ஆபத்து எப்போதும் உண்டு. வெயிலில் நின்ற வானுக்குள் அரைநாள் போதும். வந்தவுடன் போட வேண்டாம், ஓரிரவு அறைக்குள் நிமிர்த்தி வையுங்கள். வளைந்திருந்தால் வெயிலில் காயவைத்து நிமிர்த்தப் போகாதீர்கள், இன்னும் கெடும். முன்னட்டை எல்லாப் பதிப்பிலும் அதே கறுப்பு வெள்ளைப் படம்தான், மெழுகுதிரித் தண்டைத் தூக்கிப் பிடித்தபடி பென்ரிஸ் அலறுகிறார். ஆகவே முன்னட்டையை வைத்துப் பதிப்பை மட்டுக்கட்ட முடியாது, திருப்பிப் பாருங்கள். அந்த 'ஆரிய' வரி இருந்தால் பழைய பதிப்பு, சேகரிப்பவர்கள் கூடுதல் விலை சொல்வார்கள். அது இல்லாத பதிப்பை எடுங்கள். மிச்சக் காசுக்கு ஒரு நல்ல வயர் ஹெட்போன் வரும்.